நிழலுக்கு உரியவர் யார்?

வேலூரில் வாழ்கிறவர்களுக்குக் கோடை என்பது நாட்காட்டியில் வந்துபோகும் ஒரு பருவம் மட்டும் அன்று. ஆண்டுதோறும் எழுதியாக வேண்டிய தேர்வு. ஊரைச் சுற்றி நிற்பவை மரம் அடர்ந்த மலைகள் அல்ல. வெறும் கருங்கல் குன்றுகள். பகலெல்லாம் குடித்த வெயிலை அவை இரவெல்லாம் திருப்பித் தருகின்றன. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலைத்தான் காணலாம். பிற்பகலில் சென்னை மக்களுக்கு ஆறுதல் தரும் கடற்காற்று, நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கும் எங்கள் ஊரை எட்டுவதற்குள் களைத்துவிடும். மே மாதம் 4-ஆம் நாளை ஒட்டித் தொடங்கி 28-ஆம் நாள்வரை நீளும் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது எங்களுக்குச் செய்தியே இல்லை. 'இன்று 38 டிகிரிதானாம்' என்பதுதான் செய்தி.

ஆனாலும் 'வெயில் எங்களுக்குப் பழக்கம்' என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது. 1901 முதல் இந்தியாவில் வெப்பநிலை முறையாகப் பதிவு செய்யப்பட்டு வருகிறது. அந்தப் பதிவுகளிலேயே மிக வெப்பமான ஆண்டு 2024 என்று வானிலைத் துறை அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது. புயலும் வெள்ளமும் இருந்த வரிசையில் வெயிலும் வந்து அமர்ந்துவிட்டது. புயல் வந்தால் ஓசை கேட்கும். வெள்ளம் வந்தால் கண்ணுக்குத் தெரியும். வெயிலோ ஓசையின்றி வந்து, முதியவர், நோயாளர், தெருவில் உழைப்பவர் என்று ஆள் பார்த்துத் தொடுகிறது.

இத்தகைய ஊரில், 2022-ஆம் ஆண்டின் இறுதியில் நான் ஒரு மின்சாரக் கார் வாங்கினேன்.

அக்காவின் தாகம்

கல்லூரியில் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால், புதிய கருவியின்மேல் கொண்ட ஆசையால் வாங்கினேன் என்று நண்பர்கள் நினைத்தார்கள். காரணம் என் அக்கா. கணவரை இழந்தபின் எங்களோடு வந்து தங்கியவர். 2021-இல் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்தன. அன்றுமுதல் வாரம் மூன்று முறை டயாலிசிஸ். முற்பகல் 11 மணிக்குப் படுக்கையில் சாய்ந்தால், 4 மணி நேரம் இரத்தம் குழாய்வழியே வெளியே போய்ச் சுத்தமாகித் திரும்பும். அவர் எழுந்து வெளியே வரும்போது பிற்பகல் மூன்றரை ஆகிவிடும். சுவர்களும் சாலையும் சூடேறி முடித்திருக்கும் நேரம் அது.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு எது கொடுமை என்று கேட்டால், ஊசி என்று பலரும் எண்ணுவோம். அக்காவைக் கேட்டால் தண்ணீர் என்பார். குடித்த நீர் வெளியேற வழியில்லை. அது உடம்பிலேயே தங்கும், கால் வீங்கும், மூச்சு முட்டும், இதயம் திணறும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் என்று மருத்துவர் அளவு வகுத்துவிட்டார். காப்பி, ரசம், மோர் எல்லாம் அந்த ஒரு லிட்டருக்குள் அடக்கம். காலையில் ஒரு எவர்சில்வர் சொம்பில் அளந்து வைத்துக்கொண்டு, மாலைவரை அதைச் சிறுகச் சிறுகச் செலவிடுவார். கடும் தாகத்தில் ஒரு சிறு பனிக்கட்டியை நாக்கின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். கத்திரி வெயிலில் நாமெல்லாம் மண்பானையைத் தேடி ஓடுகிறோம். எதிரிலேயே பானை இருந்தும் எழுந்து போகாமல் இருப்பது எவ்வளவு பெரிய தவம் என்பதை அவரைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

காட்பாடியிலிருந்து பாலாற்றுப் பாலத்தைக் கடந்து மருத்துவமனைக்கு 8 கிலோமீட்டர். தூரம் குறைவுதான், ஆனால் கிரீன் சர்க்கிள் நெரிசலில் அது 40 நிமிடப் பயணம். முதல் ஓராண்டு ஆட்டோவில்தான் போய்வந்தோம். சிகிச்சை முடிந்ததும் இரத்த அழுத்தம் தாழ்ந்து தலை சுற்றும் நிலையில், அனல்காற்று முகத்தில் அறைய அவர் அமர்ந்து வருவார். வீட்டுக்கு வந்து சேரும்போது உதடு வெடித்திருக்கும். அன்றைய சொம்பில் மிச்சம் கொஞ்சம்தான் இருக்கும். "தாகம் தொண்டையில இல்ல தம்பி, வெளியில இருக்கு" என்று ஒருநாள் சொன்னார். உடம்பைக் குளிர வைத்தால் தாகம் குறையும். தாகம் குறைந்தால் நீரின் அளவு காப்பாற்றப்படும். நீரின் அளவு காப்பாற்றப்பட்டால் இதயம் காப்பாற்றப்படும். எங்கள் வீட்டில் குளிர்ந்த பயணம் என்பது சொகுசுப் பொருள் அன்று. மருந்துச் சீட்டின் கடைசி வரி.

'ஏ.சி.தான் வேண்டுமென்றால் பெட்ரோல் காரிலும் உண்டே' என்று வாசகர்கள் கேட்கலாம். உண்டு. ஆனால் நின்றுகொண்டிருக்கும் பெட்ரோல் கார் குளிர வேண்டுமானால் எந்திரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மருத்துவமனை வளாகத்தில் 4 மணி நேரம் வெயிலில் நின்ற காரின் உட்புறம், வெளிவெப்பத்தைவிட 20 டிகிரிக்குமேல் ஏறியிருக்கும். கண்ணாடி வெளிச்சத்தை உள்ளே விடும். உள்ளே பிறந்த வெப்பத்தை வெளியே விடாது. அந்த உலைக்குள் அக்காவை ஏற்ற முடியாது. மின்சாரக் காரிலோ, அவர் படியிறங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பே, கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். புகையில்லை, ஓசையில்லை; உள்ளே குளிர்ந்துவிடும். மருந்துக் கடையில் வரிசை நீண்டாலும் அவர் உள்ளேயே அமர்ந்திருக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே வாங்கினேன் என்றாலும் மிகையாகாது.

பேட்டரிக்கும் காய்ச்சல் உண்டு

வாங்கிய பிறகுதான், வெயில் அக்காவை மட்டுமன்றிக் காரையும் வாட்டும் என்பதை அருகிருந்து காணும் வாய்ப்புக் கிடைத்தது. காரின் அடித்தளத்தில் படுத்திருக்கும் பேட்டரிக்கு உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 35 டிகிரி வரை. அதாவது, மனிதனுக்கு எது இதமோ அதுவே அதற்கும் இதம். அதைவிட மிஞ்சினால் அதற்குள் வேண்டாத இரசாயன வினைகள் வேகம் பெறும். மின்னைச் சுமந்து இங்குமங்கும் போய்வர வேண்டிய லித்தியம், மின்வாயின்மேல் படலமாகப் படிந்து முடங்கிப்போகும். முடங்கியது திரும்பாது. பேட்டரியின் கொள்ளளவு ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகக் குறையும். ஒரே நாளில் நிகழ்வதன்று இது. மூப்பைப் போல மெல்ல வருவது.

இதைத் தடுக்கவே இன்றைய கார்களில் பேட்டரியைச் சுற்றிக் குளிர்திரவம் ஓடுகிறது. முதல் மே மாதம், நள்ளிரவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த காரிலிருந்து 'ஊம்' என்ற ஓசை எழுந்தது. ஆளில்லாத வண்டி தானே இயங்குவது கண்டு என் மனைவி திடுக்கிட்டார். சார்ஜ் ஏறும்போது பேட்டரி சூடாகிறது. அதைத் தணிக்கத் தானே விசிறியை ஓட்டிக்கொள்கிறது என்று விளக்கினேன். "அதுக்கும் புழுங்குது போல" என்றார். எனது விளக்கத்தைவிட அது நல்ல விளக்கம்.

குளிர்திரவம் இல்லாத பேட்டரிக்கு என்ன நேரும் என்பதை அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் முன்பே காட்டியிருக்கிறது. 2010-இன் இறுதியில் நிசான் லீஃப் என்ற மின்சாரக் கார் அங்கே விற்பனைக்கு வந்தது. அதன் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. 2012-இல், ஃபீனிக்ஸ் நகரத்து உரிமையாளர்கள் தங்கள் கார்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகக் கொள்ளளவை இழப்பதாக முறையிட்டார்கள். அதன்பின் அந்நிறுவனம் கொள்ளளவுக் குறைவுக்கும் உத்தரவாதம் அளித்தது. வெப்பத்தை மேலும் தாங்கும் பேட்டரியையும் கொண்டு வந்தது. பாலைநிலத்து மக்கள் பட்ட பாட்டின் பயனை, பாலாற்றங்கரையில் நான் அனுபவிக்கிறேன்.

கோடையில் காரின் எட்டும் தூரமும் குறைகிறது. என் காரின் பேட்டரி 30 யூனிட் கொள்ளும். வீட்டு மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். விளம்பரத்தில் 300 கிலோமீட்டருக்கு மேல் என்றார்கள். குளிர்காலத்தில் எனக்கு 200-ஐச் சற்றுத் தாண்டிக் கிடைக்கிறது; மே மாதத்தில் நகருக்குள் 160. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஏ.சி. கிலோமீட்டருக்குக் கணக்குக் கேட்பதில்லை, மணிக்குக் கேட்கிறது. மணிக்கு 1.2 யூனிட் செலவாகும் என்று கொள்வோம். நெடுஞ்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் போனால், அந்தச் செலவு 70 கிலோமீட்டரிலும் பங்கிடப்படும். கிரீன் சர்க்கிளில் ஊர்ந்து மணிக்கு 20 கிலோமீட்டர் போனால், அதே செலவு 20 கிலோமீட்டரின் தலையில் விழும். ஆகவே வெயிலில் காரின் ஆற்றலைத் தின்பது தொலைவு மட்டும் அன்று, காத்திருப்பும்தான்.

ஓட்டிப் பழகியதில் சில வழக்கங்கள் அமைந்துவிட்டன. சென்னைப் பயணம் போன்ற தேவை இருந்தாலன்றி, கோடையில் பேட்டரியை விளிம்புவரை நிரப்புவதில்லை. 80 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்கிறேன். நிறைந்த வயிறும் கொதிக்கும் வெயிலும் சேர்வதுதான் அதற்கு ஆகாது. இரும்புப் பாஸ்பேட் வகைப் பேட்டரி என்பதால், அளவுமானி பிழையாகாதிருக்க அவ்வப்போது மட்டும் முழுதாக நிரப்புகிறேன். ஓடி வந்த சூட்டோடு சார்ஜில் போடுவதில்லை; ஓரிரு மணி நேரம் ஆறவிடுகிறேன். நெடுஞ்சாலையின் விரைவு சார்ஜர்கள் பலவற்றுக்குக் கூரையே கிடையாது. நண்பகலில் அங்கே செருகினால், பேட்டரியைக் காக்கும் பொருட்டுக் காரே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஒரு மணி நேர வேலை ஒன்றரை மணி நேரமாகும். ஆகவே சென்னைக்குப் போவதாயின் விடியற்காலையில் புறப்பட்டுவிடுகிறோம். நம் முன்னோர் மாட்டு வண்டி பூட்டியதும் அந்த நேரத்தில்தானே!

மனத்தை விட்டு அகலாத அச்சம் ஒன்றும் உண்டு. 2022 மார்ச் மாதம் எங்கள் வேலூரிலேயே, வீட்டில் சார்ஜில் போட்டிருந்த ஒரு மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பற்றி, அந்தப் புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் பள்ளி செல்லும் மகளும் இறந்தார்கள். நாட்டின் பிற இடங்களிலும் அப்போது ஸ்கூட்டர்கள் எரிந்தன. அதன்பின் மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கி, அவ்வாண்டு டிசம்பர்முதல் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. காருக்கென்று தனி ஒயர், சரியான எர்த், மின்கசிவு நேர்ந்தால் உடனே துண்டிக்கும் கருவி என்று எல்லாம் அமைத்த பிறகே நான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வெளியேறும் வழியை அடைத்து எந்த வண்டியையும் சார்ஜில் நிறுத்தக் கூடாது என்பதை, கேட்கிறவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன். அந்தத் தந்தையும் மகளும் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்களை மறந்துவிட்டு இந்த வண்டியின் பெருமையைப் பேச என்னால் ஆகாது.

ஒருவரே எழுதிய இரு கணக்குகள்

வெப்பம் ஏற ஏறப் பேட்டரி ஏன் விரைவாக மூப்படைகிறது என்பதற்கு ஒரு சூத்திரம் உண்டு. சுவீடன் நாட்டு அறிஞர் ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1889-இல் வகுத்தது. வெப்பநிலை உயரும்போது இரசாயன வினையின் வேகம் எப்படிப் பெருகும் என்பதை அது கணக்கிட்டுச் சொல்லும். பத்து டிகிரி ஏறினால் வேகம் ஏறத்தாழ இரு மடங்கு என்பது மாணவர்களுக்கு நான் சொல்லித் தந்த எளிய வாய்பாடு. பால் வெயிலில் விரைவாகத் திரிவதும், மாவு கோடையில் விரைவாகப் புளிப்பதும், பேட்டரி வேலூரில் விரைவாகத் தேய்வதும் இந்தக் கணக்கோடு தொடர்புடையவையே.

அதே அர்ரேனியஸ் ஏழு ஆண்டுகள் கழித்து, 1896-இல், இன்னொரு கணக்கையும் போட்டார். காற்றில் உள்ள கரியமிலவாயு இரு மடங்கானால் பூமியின் வெப்பநிலை எவ்வளவு உயரும் என்பதே அது. ஐந்தாறு டிகிரி என்று விடை கண்டார். கணிப்பொறி இல்லாத காலத்தில், காகிதத்தில் கையால் போட்ட கணக்கு! இன்றைய அறிஞர்களின் மதிப்பீடு அதைவிடக் குறைவு. ஆனால் வழி அவர் காட்டியதுதான். நிலக்கரியை எரிப்பதால் இது நிகழக்கூடும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். ஆனால் அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று எண்ணினார். அவர் கணக்கிட்ட நாளில் காற்றின் பத்து லட்சம் பங்கில் கரியமிலவாயு 300-க்கும் குறைவு. 2024-இல் அது 420-ஐத் தாண்டிவிட்டது.

வியப்பு என்னவென்றால், அவர் அதைக் கண்டு அஞ்சவில்லை, மகிழ்ந்தார். பூமி சற்று வெதுவெதுப்பானால் குளிர்நாடுகளில் விளைச்சல் பெருகும், வருங்காலத் தலைமுறை இதமாக வாழும் என்று பின்னர் எழுதினார். பனியில் உறைந்த ஊரில் அமர்ந்திருந்தவருக்கு வெப்பம் ஒரு வரமாகத் தோன்றியதில் வியப்பில்லை. அவர் அறிவில் குறையில்லை. கணக்கிலும் பெரும் பிழையில்லை. அவர் சன்னலிலிருந்து பாலாறு தெரியவில்லை, அவ்வளவே. எவ்வளவு பெரிய மனிதராயினும், தாம் அமர்ந்திருக்கும் இடத்தின் தட்பவெப்பத்தையே உலகின் தட்பவெப்பமாக எண்ணிவிடக் கூடும். குளிரூட்டிய காருக்குள் அமர்ந்து வெளியே பார்க்கும் வேளைகளில் இதை நான் நினைத்துக்கொள்கிறேன். கண்ணாடிக்கு உள்ளே 25 டிகிரி. கண்ணாடிக்கு வெளியே, உணவுப் பையை முதுகில் சுமந்து சிக்னலில் நிற்கும் இளைஞனுக்கு 42.

வேப்பமரத்தடியில்

எங்கள் வீட்டுக்கு எதிரே, தெருவோரம் ஒரு வேப்பமரம். அந்தத் தெருவில் பிற்பகல்வரை அடர்ந்த நிழல் தருவது அது ஒன்றுதான். அதன் அடியில் இருபது ஆண்டுகளாக ஒருவர் இஸ்திரி வண்டி வைத்திருக்கிறார். கரிப்பெட்டி; அதன் அனலில் நின்றபடியே காலை முதல் மாலைவரை தேய்ப்பார்.

கார் வந்த முதல் கோடையில் எங்கள் வாசலில் கூரை இல்லை. அண்டை வீட்டு நண்பர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார். "இவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருக்கீங்க. பேட்டரி போச்சுன்னா லட்சக்கணக்குல ஆகும். வண்டிய மரத்தடியில நிறுத்துங்க சார். இஸ்திரி வண்டி சக்கரம் வச்சதுதானே, கொஞ்சம் தள்ளிக்கட்டுமே." தெரு பொதுச்சொத்து, மரம் மாநகராட்சிக்கு உரியது, நியாயமான யோசனை போலவே இருந்தது. இஸ்திரிக்காரர் தலை நிமிராமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, துணியிலிருந்து கண்ணெடுக்காமலே, "காருக்குச் சூடு ஆவாதுன்னா, எனக்கு மட்டும் ஆவுமா சார்?" என்றார். குரலில் கோபமில்லை, ஐயம் கேட்பவர்போலக் கேட்டார்.

மறுநாள் காலை பார்த்தபோது, அவரே வண்டியை நகர்த்தி எதிர்ச் சுவரோரம் வெயிலில் நிறுத்தியிருந்தார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை. சொல்லாமலே விளங்கிக்கொள்ளும் பழக்கம் ஏழைகளுக்கு உண்டு. திண்ணையில் அமர்ந்திருந்த அக்கா என்னைக் கூப்பிட்டார். "காரு சும்மா நிக்குது தம்பி. அவரு நின்னு வேலை செய்யறாரு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியை மரத்தடிக்கே தள்ளினோம். "காருக்கு வேற வழி பண்ணிக்கிறேன், நீங்க இங்கயே இருங்க" என்றேன். "சரிங்க சார்" என்று கரியை ஊத ஆரம்பித்தார்.

வேறு வழி என்பது வாசலில் ஒரு கொட்டகை. தென்னங்கீற்றுதான் குளிர்ச்சி என்று பலரும் சொன்னார்கள், உண்மையும் அதுவே. ஆனால் சார்ஜ் ஏறும் இடத்தின்மேல் காய்ந்த கீற்றைப் பரப்ப, 2022-ஐ நினைத்தால் மனம் வரவில்லை. நாட்டு ஓடு வேய்ந்தேன். நான்கு பக்கமும் திறப்பு; சூடான காற்று மேலேறி வெளியேற இடைவெளி. பழைய வீடுகளின் தாழ்வாரத்தில் நம் கொத்தனார்கள் அறிந்திருந்த வித்தைதான் இது. ஒருநாள் பிற்பகல் ஒன்றரை மணிக்கு வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். வெட்டவெளியில் நின்ற காரின் மேற்கூரை 64 டிகிரி. ஓட்டு நிழலில் 43. பேட்டரிக்கு நான் செய்த மிகப் பெரிய உதவி, ஆயிரம் ஓடுகளும் சில சவுக்குக் கழிகளும்தான்.

நிழலுக்கு உரியவர் யார் என்று அன்றுமுதல் எண்ணிப் பார்க்கிறேன். சட்டத்தைக் கேட்டால் முதலில் வந்தவர் என்றோ, வரி கட்டியவர் என்றோ சொல்லக்கூடும். சந்தையைக் கேட்டால் விலை கொடுத்தவர் என்னும். இயற்பியலைக் கேட்டால், யாருடைய உடல் வெப்பத்தை வெளியேற்ற முடியாமல் திணறுகிறதோ அவருக்கு என்று அது பதில் சொல்லும். என் அக்காவுக்கு வியர்க்க நீரில்லை. இஸ்திரிக்காரருக்கு விலகி நிற்க நேரமில்லை. இவ்விருவருக்கும் பிறகே என் பேட்டரி.

எங்கள் குளிர்ச்சியின் விலை

நான் குளிரும்போது யாரோ சூடாகிறார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. ஏ.சி. எந்திரம் வெப்பத்தை அழிப்பதில்லை; உள்ளிருந்து எடுத்து வெளியே தள்ளுகிறது. மின்சாரக் காரின் ஏ.சி.யும் அதையேதான் செய்கிறது. இதில் ஓர் ஆறுதல் உண்டு. பெட்ரோல் எந்திரம் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெறும் வெப்பமாகத் தெருவில் கொட்டுகிறது. மின்மோட்டாரிலோ பெரும்பங்கு சக்கரத்துக்கே போய்ச் சேருகிறது. சிக்னலில் என் காரின் அருகே நிற்கும் ஸ்கூட்டர்க்காரருக்குக் காலில் அனல் அடிப்பதில்லை. மூக்கில் புகை ஏறுவதில்லை.

ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இன்றும் நிலக்கரியிலிருந்தே பிறக்கிறது. 2024 மே மாத இறுதியில் நாட்டின் மின்தேவை 250 கிகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. தமிழ்நாட்டில் அதே கோடையில் 20,000 மெகாவாட்டைத் தாண்டியது. வெயில் ஏற ஏற நாம் ஏ.சி.யை ஓட்டுகிறோம், ஏ.சி. ஓட நிலக்கரியை எரிக்கிறோம். நிலக்கரி எரிய வெயில் ஏறுகிறது. இந்தச் சுழலுக்குள் என் காரும் இருக்கிறது. வெளியே இருப்பதாக நான் பாவனை செய்ய மாட்டேன்.

என்றாலும், எப்போது சார்ஜ் ஏற்றுகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. மாலை 6 மணி முதல் 10 மணி வரை சூரிய மின்சாரம் ஓய்ந்திருக்கும். வீடுகளில் விளக்கும் விசிறியும் ஏ.சி.யும் ஒருசேர ஓடும். அந்த நேரத்தில் எங்கள் தெரு மின்மாற்றி முனகுவது காதில் விழும். அப்போது ஒரு காரையும் அதன் முதுகில் ஏற்றினால், தெருக்கோடியில் ஓட்டு வீட்டில் இருப்பவரின் விசிறி தளர்ந்து சுற்றும். ஆகவே சிகிச்சை இல்லாத நாட்களில் நண்பகலில் ஏற்றுகிறேன். கமுதி போன்ற இடங்களில் பரப்பிய தகடுகள்மீது கொட்டும் வெயில் அந்நேரம் மின்கம்பிகளில் ஓடிக்கொண்டிருக்கும். நம்மை வாட்டும் அதே வெயில்! ஓட்டு நிழலில் பேட்டரி அந்நேரத்தையும் பொறுத்துக்கொள்கிறது. மற்ற நாட்களில் நள்ளிரவுக்குப் பிறகே ஏற்றுகிறேன். மின்மாற்றிக்கும் அப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைக்கிறது.

காரின் பின்னிருக்கையும் இப்போது காலியாக வருவதில்லை. அக்காவோடு அதே நேரத்தில் சிகிச்சை பெறும் ஓர் அம்மாள் பள்ளிகொண்டாவிலிருந்து பேருந்தில் வருவார். துணைக்கு வரும் மருமகளுடன் அவரையும் ஏற்றி, பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டு வருகிறோம். நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் மூன்றரை மணி வெயிலில் அந்த நான்கு கிலோமீட்டரின் மதிப்பை, டயாலிசிஸ் படுக்கையிலிருந்து எழுந்தவர்களே அறிவார்கள். அவர்கள் இருவரும் தங்கள் தண்ணீர்க் கணக்கை ஒப்பிட்டுக்கொண்டு வருவார்கள். "இன்னிக்கு எவ்வளவு மிச்சம்?" என்று ஒருவர் கேட்பார். "அரை சொம்பு" என்று மற்றவர் சொல்வார். ஏதோ சேமிப்புப் பணத்தைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்.

பேட்டரிக்கு நிறுவனம் 8 ஆண்டு உத்தரவாதம் தந்திருக்கிறது. அக்காவுக்கு அப்படி எந்தத் தாளிலும் எழுதித் தர யாராலும் இயலாது, அவரும் கேட்பதில்லை. சென்ற ஆண்டு ஐப்பசி மழையில், ஓட்டுக் கொட்டகைக்கு மேற்கே, பிற்பகல் வெயில் வரும் பக்கமாக ஒரு புங்கங்கன்று நடச் சொன்னார். இடத்தைத் தேர்ந்தவர் அவர்தான். புங்கன் விரைவாக வளரும். நிழல் தழைவாக இறங்கும். கன்று இப்போது என் தோளுயரம். துணி அலசிய நீரை அதற்கு ஊற்றுவது அக்காவின் வேலை. குடிக்கத்தான் அளவுண்டு, ஊற்ற அளவில்லை என்று சிரித்துக்கொண்டே ஊற்றுகிறார். அது பெரிதாகும்போது அதன் நிழல் கொட்டகையின் மேலும் விழும், மதிலைத் தாண்டித் தெருவிலும் விழும். தெருவில் விழும் பாதியில் யார் வந்து நின்றாலும் சரி என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.